டுட்கோ வீட்டு நிலவறையில் போட்ட கட்டில்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலுக்குச் சில்லென்று இருந்தால் அந்தப் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கட்டிலின் கதை சொல்லப்போகிறேன். போடக்கூடாத இடத்தில் போட்ட கட்டில். நடுவில் சிரிப்பு வரும், வந்தால் சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இது வெட்கத்தைப் பற்றிய கதை. அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைரன் டுட்கோ என் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் என் கணவரும் ஒரே உருக்காலையில் வெந்தவர்கள். பிட்ஸ்பர்க் நகரத்து மலைச்சரிவில் எங்கள் தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் இரண்டு வாசல். தெருப் பக்கத்து மேல்வாசல் பாதிரியாருக்கும் விருந்தாளிக்கும். சந்துப் பக்கத்துக் கீழ்வாசல் நேரே நிலவறைக்குள் போகும். ஆலையிலிருந்து வரும் ஆண்பிள்ளைகளுக்கு அதுதான் வழி. கரியும் எண்ணெயுமாக உள்ளே நுழைந்து, உடுப்பை அங்கேயே கழற்றிப் போட்டு, அங்கேயே குளித்து, அங்கேயே இருக்கும் கக்கூஸில் உட்கார்ந்து எழுந்து, அப்புறம்தான் மனுஷனாக மேலே ஏறி வர வேண்டும்.

அந்தக் கக்கூஸுக்குச் சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், வெறும் சிமென்ட் தரையில், பீங்கான் சிம்மாசனம் மாதிரி தனியாக நிற்கும். படியில் யாராவது கால் வைத்தால் உள்ளே இருப்பவர் "ஆள் இருக்கு!" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல்தான் கதவு. எங்களுக்கு அதில் விசித்திரம் ஒன்றும் தெரிந்ததில்லை.

ஆலை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மைரன் மட்டும் கீழ்வாசலை விடவில்லை. தோட்டத்துக்குப் போய் வந்தாலும், மாதா கோயில் கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்தாலும் அந்த வழிதான். மனைவி ஆன்னா இறந்துபோன பிறகு மகள் டெனீஸ், மருமகன் கேரி, பேத்தி ஹாலி மூவரும் அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். மைரனுக்குச் சமையலறையை ஒட்டி ஒரு சின்னப் படுக்கையறை. அதற்கு எதிரே பளபளவென்று ஒரு குளியலறை. அந்தக் குளியலறைக்குள் அவர் ஒரு நாள் கூடக் கால் வைத்ததில்லை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

ஹாலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் வீட்டார் லாத்ரப் குடும்பம், மாநிலத்தின் மறுகோடிக்காரர்கள். பெரிய வீடு, பின்னால் குதிரை லாயம். பையனின் அம்மா எலினார் தொலைபேசியில் ஹோட்டல்களைப் பற்றி விசாரித்தபோது, டெனீஸ் பாவம், வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"ஹோட்டல் எதுக்குங்க? எங்க வீட்லயே தங்கலாமே. கீழ விருந்தாளிங்களுக்குன்னே ஒரு தளம் இருக்கு."

அந்தத் தளம் அவள் வாயில்தான் இருந்தது. கீழே இருந்தது ஈரச் சுவரும், பழைய நிலக்கரி அறையும், ஊறுகாய் ஜாடி அலமாரியும், மைரனின் சிம்மாசனமும்.

அன்றைக்கு அவர்கள் சமையலறை மேஜையைச் சுற்றி ஒரே யோசனை. நானும் காபிக்குப் போயிருந்தேன்.

"எனக்கு விட்டுடு," என்றான் கேரி. "ஒரு பக்கம் மரப்பலகை அடிச்சு ஒரு பார். எதிர்ச் சுவத்துல பெரிய டி.வி. ஞாயித்துக்கிழமை ஃபுட்பாலுக்குத் தெருவே இங்கதான் இருக்கும்."

"ஆமா, ஹாலியோட மாமியார் உன்னோட உக்காந்து பீர் குடிப்பா," என்றாள் டெனீஸ்.

"குடிச்சா நல்லதுதானே. சம்பந்தி சண்டையே வராது."

ஹாலி தாள் ஒன்றில் படம் வரைந்துகொண்டிருந்தாள். "அம்மா, அந்தக் கரி அறைய இடிக்க வேணாம். கரி கொட்டுற ஓட்டையப் பெருசாக்கி ஜன்னல் வெச்சா வெளிச்சம் வரும். உள்ள ஒரு சின்ன மெத்தை, சுவத்துல புத்தகத் தட்டு. அவ்வளவு அழகா இருக்கும்."

"ஜன்னல் எப்படியும் வேணும்," என்றான் கேரி. "ஆள் தவழ்ந்து வெளிய போற அளவுக்கு ஜன்னல் இல்லாம படுக்கையறைன்னு சொல்லக்கூடாதாம். தீப்பிடிச்சா என்ன பண்றது? அப்புறம் கூரை. அதுக்குப் பலகை அடிச்சா என் தலை இடிக்கும். பைப்பு, ஒயர், உத்தரம் எல்லாத்துக்கும் ஒரே கறுப்புப் பெயின்ட் அடிச்சுட்டா பைப்பு இருக்கறதே தெரியாது."

"சுவர் வேர்க்குதே?"

"மழைத்தண்ணி விழற குழாயத் தெருப் பக்கம் திருப்பிவிடுவோம். தரையச் சுத்தி உயர்த்திப் பலகை போடுவோம். ஈரத்தை உறிஞ்சற மெஷின் ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கட்டும். காஞ்சுடும்."

டெனீஸின் முகம் மெல்ல மலர்ந்தது. மஞ்சள் விளக்கு, கம்பளம், கட்டிலுக்குப் பூப்போட்ட விரிப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். குரல் தாழ்ந்துவிட்டது.

"அது போகணும்."

எது என்று யாரும் கேட்கவில்லை.

"ஏன், சுத்தி நாலு சுவர் எழுப்பினா ஒரு பாத்ரூம் ஆச்சே," என்றான் கேரி.

"சுவர் வெச்சாலும் அது அதுதான் கேரி. நட்ட நடுவுல இருக்கு. பாத்த உடனே தெரிஞ்சுடும், நாம யாருன்னு."

மைரன் மேஜைக் கோடியில் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதில் சர்க்கரையே கிடையாது. கரண்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எடுத்துடும்மா," என்றார். "பழசுதானே. மேலதான் ஒண்ணு இருக்கே."

"நிஜமாவா டாட்?"

"பின்ன என்ன? அது என்ன உங்கம்மா போட்டோவா, மாட்டி வெச்சுக்க?"

எல்லோரும் சிரித்தோம். டெனீஸ் எழுந்து போய் அவர் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். கேட்டாள், சொன்னார், நம்பினாள். நம்புவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது, கண்ணுகளா. அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. ஆனால் அந்த அளவு தப்பு ஒரு கிழவரைத் தெருவில் நிறுத்தப் போதும்.

வேலை மும்முரமாக நடந்தது. கேரி சுவருக்கு நுரைப்பலகை ஒட்டினான், பெயின்ட் அடித்தான். ஜன்னல்காரர் வந்து கரி ஓட்டையைப் பெரிதாக்கினார். குழாய்க்காரர் வந்து பீங்கானைக் கழற்றிவிட்டு, தரையிலிருந்த துளைக்கு மூடி போட்டு இறுக்கினார். கேரி அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் வைத்தான். துளை இருந்த இடத்தின் மேல் பலகை வந்தது, பலகை மேல் கம்பளம், கம்பளத்தின் மேல் விருந்தாளிக் கட்டில்.

"தலைமாடு சரியா அதுக்கு மேலதான் வருது," என்றான் கேரி.

"வாய மூடு," என்றாள் டெனீஸ்.

அது கழன்ற மறுநாள் காலை, என் நிலவறையின் கீழ்வாசலை யாரோ தட்டினார்கள். திறந்தால் மைரன். கையிடுக்கில் செய்தித்தாள். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்து கிடந்தது.

"வேரா, உன்னோடது இன்னும் இருக்கா?"

"எது?"

"அதான்... உன் வீட்டுக்காரனோடது."

எனக்குப் புரிந்துவிட்டது. "இருக்கு. ஏன், மேல இருக்கறதுக்கு என்ன வந்தது?"

"போய்ப் பாத்தேன்," என்றார். "உக்காந்தும் பாத்தேன். காலுக்குக் கீழ ரோஜாக் கலர்ல புசுபுசுன்னு ஏதோ போட்டிருக்கா. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஹாலி போன்ல பேசறது ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. நான் பண்றதும் அவளுக்குக் கேக்கும்தானே? எந்திரிச்சு வந்துட்டேன். ஆகலை வேரா. எனக்கு ஆகலை."

சிரிக்கத்தான் வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஆலையில் உருகிய இரும்புக்கு முன் நின்ற மனுஷன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் வாசலில் கால் மாற்றி நிற்கிறார்.

"உள்ள போ," என்றேன். "கதவ இனிமே பூட்ட மாட்டேன். தட்டவே வேணாம்."

அன்றிலிருந்து தினமும் வந்தார். டெனீஸும் கேரியும் வேலைக்குப் போன பிறகு, ஹாலி எழுந்திருக்கும் முன்பு. வேலி ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருடப் போகிறவர் மாதிரி. கீழேயிருந்து கோயில் பாட்டு ஒன்று மெல்லக் கேட்கும். நான் மேலே அடுப்பைத் துடைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி இருப்பேன். மகளிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தார். ஒரு நாள் காபி குடிக்கும்போது சொன்னார்:

"கல்யாணம் முடியட்டும். தம்பி யங்ஸ்டவுன்ல இருக்கான் இல்ல, அங்க போயிடலாம்னு இருக்கேன். கல்யாணத்துக்கு டிரக்ல வரான். திரும்பும்போது என் பெட்டியையும் ஏத்திக்கறேன்னான்."

"எதுக்கு? இதுக்கா?"

"அவன் வீட்டுக் கீழ ரெண்டு இருக்கு வேரா," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "சிரிக்காத. இருந்த வீட்ல இருக்க இடமில்லாம இன்னொருத்தர் வீட்டுக்குள்ள பூந்து பூந்து வரேன். எத்தனை நாளைக்கு? டெனீஸ்கிட்ட எப்படிச் சொல்றது, சொல்லு. அவளுக்கு அசிங்கமா இருக்கும். எனக்கும்."

அந்த வீட்டில் பிறந்த பிள்ளையைப் பார்த்தவர், அதே வீட்டில் மனைவியைக் கட்டிலிலிருந்து சவப்பெட்டிக்குத் தூக்கிவைத்தவர், இப்போது அதை விட்டுப் போகிறேன் என்கிறார். காரணத்தை வெளியில் சொல்லவும் முடியாது.

கல்யாண வாரம் வந்தது. அக்டோபர் மாதம், காலையில் நல்ல குளிர். லாத்ரப் தம்பதி வந்து இறங்கிய மாலை, மைரன் கோயில் கூடத்தில் கொழுக்கட்டைக்கு மாவு மடித்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் நிலவறையைப் பார்த்து "அடடா, என்ன அழகு" என்றார்களாம். மைரன் திரும்பி வருவதற்குள் அந்தக் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டார்களாம். டெனீஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை நான் வால்நட் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். சமையலறையில் எலினார் ஜன்னலோரம் காபியுடன் நின்றாள். உயரமான, அமைதியான பெண். காதில் சின்ன முத்து. டெனீஸ் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அன்று எல்லோரும் வீட்டில் இருக்கிறார்களே, மைரன் இன்று என்ன செய்வார் என்று நான் நினைக்கும்போதே எலினார் கேட்டாள்.

"யாருங்க அது? அந்தப் பெரியவர்? பக்கத்து வீட்டு நிலவறைக்குள்ள நுழையறாரே."

நானும் பார்த்தேன். வேலி ஓரம், பழைய ஆலைக் கோட்டு, கூன் முதுகு, கையிடுக்கில் செய்தித்தாள். டெனீஸும் பார்த்தாள். அவள் அப்பாவை அவளுக்குத் தெரியாதா?

"ஓ, அதுவா," என்றாள் டெனீஸ். "ஹீட்டர் ரிப்பேர் பண்ண வந்த ஆளா இருக்கும்."

யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்தது.

அப்புறம் அவள் கை நின்றுவிட்டது. முட்டை கருக ஆரம்பித்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் இரத்தம் மேலே ஏறிக் கழுத்து, காது எல்லாம் சிவந்து, பிறகு எல்லாம் இறங்கிச் சாம்பலாகிவிட்டது.

ஏன் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். பள்ளியில் படித்த காலத்தில் ஒரு பணக்காரத் தோழியை முதல் முறையாக வீட்டுக்கு அழைத்து வந்தாளாம். சோடா எடுக்க இருவரும் நிலவறைப் படியில் இறங்கினார்கள். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்த மைரன் அங்கே உட்கார்ந்திருந்தார். குரல் கொடுப்பதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். "யாரு அது?" என்று கேட்டதற்கு டெனீஸ் சொன்ன பதில் இதேதான், இதே வார்த்தைதான். அப்பா காதில் விழவில்லை என்று இத்தனை காலமும் அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்தாள். "வேரா ஆன்ட்டி, அவர் தினமும் வராரா?"

சத்தியம் செய்திருந்தேன். ஆனால் என் முகத்துக்குப் பொய் வராது. "கழட்டின நாள்லேர்ந்து," என்றேன். "கல்யாணம் முடிஞ்சதும் தம்பியோட போயிடறேங்கறார் டெனீஸ். பெட்டி கூடக் கட்டியாச்சு."

சமையல் மேலாடையோடு அப்படியே ஓடினாள். நானும் பின்னால் போனேன். என் சமையலறையைக் கடந்து நிலவறைப் படியின் கதவைத் திறந்து முதல் படியில் கால் வைத்தாள்.

"ஆள் இருக்கு!" என்று கீழேயிருந்து குரல்.

"நான்தான் டாட்."

அவள் திரும்பி, கீழே முதுகைக் காட்டிக்கொண்டு, மேல் படியிலேயே உட்கார்ந்தாள். நான் சமையலறையில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன்.

"வேரா சொல்லிட்டாளா?" என்றது கீழே குரல்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? எனக்கு வெட்கமா இருக்குன்னா? கல்யாண வீட்ல பேசற பேச்சா அது? நீ மேல போம்மா. முடிச்சுட்டு வரேன்."

"போக மாட்டேன்." அவள் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "டாட், அந்தம்மா உங்களப் பாத்துட்டா. யாருன்னு கேட்டா. நான்..." சமையல் மேலாடையின் நுனியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். "ஹீட்டர் ரிப்பேர் பண்ண வந்த ஆளுன்னு சொல்லிட்டேன். திரும்பவும்."

தொட்டிக் குழாய் சொட்டும் சத்தம் மட்டும். பிறகு மைரன் சொன்னார்:

"என்னடி இது, இன்னுமா அந்த ஆளுக்கு வேலை முடியல?"

அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலில்லை. அன்றைக்கே கேட்டிருக்கிறார். கேட்டு, விழுங்கி, இத்தனை வருஷம் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலில் இருந்த சிரிப்புதான் டெனீஸை உடைத்துவிட்டது. படியில் மடங்கி அழுதாள். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

கீழே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கை கழுவும் சத்தம். மைரன் ஒவ்வொரு படியாக ஏறி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"எந்திரி. முட்டை கருகற வாசனை இங்க வரைக்கும் வருது."

"யங்ஸ்டவுனுக்குப் போகாதீங்க."

"எந்திரி முதல்ல."

சந்துப் பக்கம் திரும்பப் போனவரை டெனீஸ் கையைப் பிடித்து நிறுத்தினாள். கீழ்வாசலுக்குள்தான் இப்போது விருந்தாளிகளின் பெட்டி திறந்து கிடக்கிறதே. தெருவைச் சுற்றி மேல்வாசல் வழியாக அழைத்துப் போனாள். தன் வீட்டு மேல்வாசலில் மைரன் மிதியடியில் பூட்ஸைத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எலினார் அதே ஜன்னலோரம் நின்றிருந்தாள். டெனீஸ் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"எலினார், நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இவர் ஹீட்டர் ஆள் இல்ல. எங்கப்பா. இந்த வீடு இவரோடது. நீங்க படுத்த இடத்துல இவரோட கக்கூஸ் இருந்துச்சு. நீங்க பாக்கக்கூடாதுன்னு நான் எடுத்துட்டேன். அதான் அடுத்த வீட்டுக்குப் போனார்."

எலினார் நல்ல பெண்தான். ஆனால் எல்லா நல்லவர்களுக்கும் சரியான சமயத்தில் சரியான வார்த்தை வந்துவிடாது. அவள் முகமும் சிவந்தது. காபிக் கோப்பைக்குள் பார்த்தாள். எங்கள் யாருக்கும் கண்ணை வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. மைரன்தான் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"மைரன் டுட்கோ. பயப்படாதீங்க, கழுவின கைதான்."

அவள் கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எங்கள் வழக்கப்படி தெருப் பெண்கள் எல்லோரும் சுட்ட பிஸ்கட்டுகள் ஒரு முழு நீள மேஜையை நிறைத்தன. லாத்ரப் வீட்டார் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போனார்கள். மைரனின் தம்பி டிரக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பெட்டி எங்கே என்றான். மைரன் மகளைப் பார்த்தார். டெனீஸ் அந்தப் பெட்டியை முந்தின நாளே பிரித்து, சட்டைகளைத் தேய்த்து அலமாரியில் அடுக்கியிருந்தாள். தம்பி பின்பக்கம் ஒரு தட்டுப் பிஸ்கட்டை ஏற்றிக்கொண்டு தனியாகப் போனான்.

அடுத்த வாரமே குழாய்க்காரர் வந்தார். கட்டில் கரி அறைக்குள் போனது. ஹாலி வரைந்த ஜன்னலுக்குக் கீழே அது அழகாகத்தான் இருந்தது. கம்பளத்தை அறுத்து, பலகையைப் பெயர்த்து, பீங்கானைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். கேரி சுற்றிச் சுவர் எழுப்பினான், கதவும் மாட்டினான். மைரனைக் கேட்டுத்தான் மாட்டினான். மீதி இடத்தில் அவனுக்கு டி.வி. கிடைத்தது. பார் கிடைக்கவில்லை.

டெனீஸின் வெட்கம் மட்டும் போகவில்லை. அது போகும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். எலினார் போனில் அழைத்தால் இன்றைக்கும் அவள் காது சிவக்கிறது. ஒரு நாள் என்னிடம் சொன்னாள்:

"அந்தப் பொய்ய நான் தேடவே இல்ல ஆன்ட்டி. வாய்க்குள்ள தயாரா இருந்துச்சு. இத்தனை வருஷமா அங்கேயே இருந்திருக்கு. அதுதான் என்னால தாங்க முடியல."

நான் அவள் கையைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்வது?

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுச் சுவர் வேர்க்காமல் இருக்கட்டும். கீழே இருப்பவர் மேலே வரவும், மேலே இருப்பவர் கீழே இறங்கவும் படிகள் உறுதியாக இருக்கட்டும். அழுக்கோடு வருகிறவருக்கு ஒரு வாசல், அவர் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு வாய், இரண்டும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாதிருக்கட்டும்.